எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கன்வெர்ட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

கம்பம் பள்ளத்தாக்கில் காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, சுருளிப்பட்டி வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பன்னீர் திராட்சை அறுவடை நடந்துகொண்டே இருக்கிறது. 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இத்திராட்சை சுவையில் சிறந்தது. ஆனால் நெடுநாள் தாங்காதது. பறித்த பழம் உடனே சந்தைக்குச் சென்றாக வேண்டும். கம்பத்துக்கும், குமுளி மலைப்பாதை வழியாகக் கேரளத்துக்கும் பழத்தைக் கொண்டு செல்லும் வேலையில் இன்று பெட்ரோலில் ஓடும் சிறு சரக்கு வண்டிகளும் பங்கு கொள்கின்றன. விவசாயிகள் பலர் வீட்டில் காரும் வைத்துள்ளனர்.

பழப் பெட்டிகளை ஏற்றி முடித்து வண்டியைக் கிளப்பும் வேளையில், ஸ்டியரிங்குக்கு எதிரே எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டறையில் ஸ்கேனரைச் செருகினால் 'பி 0420' என்ற எண் வருகிறது. "கன்வெர்ட்டர் போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும்" என்ற பதில் கிடைக்கிறது. அதன் விலையோ ஒரு அறுவடையின் லாபத்தை விழுங்கிவிடக் கூடியது. இந்நிலையில் சிலர் கடன் வாங்கியாவது புதிய கன்வெர்ட்டரைப் பொருத்துகின்றனர். வேறு சிலர் விளக்கைப் பொருட்படுத்தாமல் மாதக் கணக்கில் ஓட்டுகின்றனர். இரண்டுமே நட்டத்தில் முடியக் கூடியவை.

திராட்சைக் கொடியில் இலை மஞ்சளானால் அனுபவமுள்ள விவசாயி உடனே உரக்கடைக்கு ஓடுவதில்லை. இரும்புச் சத்துக் குறைவா, மண்ணில் சுண்ணாம்பு மிகுதியா, வேரில் நீர் தேங்கியுள்ளதா, நூற்புழுவா என்று பார்க்கிறார். மஞ்சள் நிறம் ஓர் அறிகுறி. அதுவே நோய் அன்று. ஸ்கேனர் காட்டும் எண்ணும் அப்படிப்பட்டதே. அது அறிகுறியைச் சொல்கிறது. காரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது மனிதன் செய்ய வேண்டிய வேலை.

கன்வெர்ட்டர் செய்யும் வேலை

எஞ்சினிலிருந்து வெளிவரும் புகைக்குழாயில், சைலன்சருக்கு முன்னால் ஓர் எஃகுப் பெட்டி இருக்கும். இதுவே வினையூக்கி மாற்றி. பட்டறை வழக்கில் கன்வெர்ட்டர். இதனுள் தேன்கூடு போல நுண்ணிய துளைகள் கொண்ட பீங்கான் கட்டி உள்ளது. துளைகளின் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் மிக மெல்லிய பூச்சாகப் படிந்துள்ளன. பெட்டியின் விலை அதிகமாக இருப்பதற்கு இவையே காரணம்.

புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்று நச்சுகளையும் இப்பூச்சு மாற்றுகிறது. வெளியே செல்வது பெரும்பாலும் கரியமில வாயு, நீராவி, நைட்ரஜன் ஆகியவையே. பூச்சு தானாகச் செலவழிவதில்லை. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, கன்வெர்ட்டர் சுமார் 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டிய பிறகே நன்கு வேலை செய்யும். மற்றொன்று, பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலந்து எரிய வேண்டும். கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிலோ முழுமையாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று தேவை. 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சுமார் 13.5 கிலோ போதும்.

இந்தியாவில் 1995 ஏப்ரல் 1 முதல் தில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. ஈயம் கலந்த பெட்ரோல் இப்பூச்சை மூடிக் கெடுத்துவிடும். 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் வந்த பிறகே சிற்றூர்களிலும் கன்வெர்ட்டர் வண்டிகளை அச்சமின்றி ஓட்ட முடிந்தது. பாரத் நிலை 4 விதிகள் 2017 ஏப்ரலிலும், நிலை 6 விதிகள் 2020 ஏப்ரலிலும் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. வண்டியே தன் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைச் சோதித்து விளக்கின் மூலம் அறிவிக்கும் ஏற்பாடு இவ்விதிகளின் ஒரு பகுதியாகும்.

இரண்டு சென்சார்கள்

புகைக்குழாயில் கன்வெர்ட்டருக்கு முன்னே ஒன்றும், பின்னே ஒன்றுமாக இரண்டு ஆக்சிஜன் சென்சார்கள் திருகப்பட்டிருக்கும். பார்வைக்கு ஸ்பார்க் பிளக்கைப் போன்றவை. புகையில் எரியாமல் மிஞ்சிய ஆக்சிஜன் எவ்வளவு என்பதை இவை மின்னழுத்தமாகத் தெரிவிக்கின்றன. வழக்கமான வகைச் சென்சாரில் பெட்ரோல் மிகுந்தால் சுமார் 0.9 வோல்ட்டும், காற்று மிகுந்தால் சுமார் 0.1 வோல்ட்டும் காணப்படும். முன் சென்சாரின் செய்தியைக் கொண்டு வண்டியின் கணினி பெட்ரோல் அளவைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்கிறது. ஆகவே இச்சென்சாரின் அளவு மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். சில புதிய வண்டிகளின் முன் சென்சார் வேறு வகையைச் சேர்ந்தது. அதன் அளவுகள் இவ்வாறு ஆடுவதில்லை.

பின் சென்சாரின் வேலை கன்வெர்ட்டரை மேற்பார்வை செய்வது. இதை ஒரு கண்மாயைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். கண்மாய்க்கு வரும் வாய்க்காலில் நீர் ஒரு நேரம் பெருகியும் ஒரு நேரம் வற்றியும் வரும். கண்மாய் ஆழமாக இருந்தால் மடையிலிருந்து வெளியேறும் நீர் ஒரே சீராக இருக்கும். கண்மாய் தூர்ந்து போனாலோ, வாய்க்காலில் காணும் ஏற்றத்தாழ்வு அப்படியே மடையிலும் தெரியும். கன்வெர்ட்டரும் ஆக்சிஜனைச் சிறிதளவு தேக்கி வைத்து, தேவைப்படும்போது விடும் தன்மையுடையது. நல்ல கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள சென்சார் சுமார் 0.6 அல்லது 0.7 வோல்ட்டில் பெரும்பாலும் நிலையாக நிற்கும். தேக்கும் சக்தி குறைந்தால் அதுவும் முன் சென்சாரைப் போலவே ஆடத் தொடங்கும். இதைக் கண்ட கணினி 'பி 0420' என்று பதிவு செய்து விளக்கை எரியவிடுகிறது.

எண்கள் சொல்வது என்ன?

விவசாயிகள் அடிக்கடி சந்திக்கக் கூடிய எண்கள் சிலவே.

பி 0420: கன்வெர்ட்டரின் திறன் குறைந்துள்ளதாகக் கணினி கணிக்கிறது.

பி 0131, பி 0132: முன் சென்சாரின் மின்னழுத்தம் முறையே மிகக் குறைவு, மிக அதிகம்.

பி 0137, பி 0138: பின் சென்சாருக்கு இதே குறைகள்.

பி 0135, பி 0141: முன், பின் சென்சார்களைச் சூடாக்கும் உள் கம்பி அல்லது அதன் இணைப்பில் பழுது. இதில் பியூஸ், ஒயர் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

பி 0171: காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு. பி 0172: பெட்ரோல் மிகுதி.

பி 0300: எஞ்சின் விட்டுவிட்டு எரிகிறது. 0301, 0302 என வந்தால் கடைசி எண் எந்தச் சிலிண்டர் என்பதைக் காட்டும்.

இவற்றில் 0171, 0172, 0300 ஆகியவை 0420 உடன் சேர்ந்து வந்தால் முதலில் அவற்றையே சரிசெய்ய வேண்டும். மூல நோய் அங்கேதான் உள்ளது. அதைத் தீர்க்காமல் புதிய கன்வெர்ட்டரைப் பொருத்தினால், வேரழுகல் உள்ள குழியிலேயே புதுக் கன்றை நட்டது போலாகும். சில மாதங்களில் புதியதும் கெட்டுவிடும்.

பணம் செலவழிக்கும் முன் செய்ய வேண்டியவை

முதலாவதாக, எல்லா எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பல வண்டிகளில் பழுது பதிவான நேரத்தில் இருந்த வேகம், எஞ்சின் சூடு ஆகியவையும் கணினியில் சேமிக்கப்பட்டிருக்கும். பேட்டரி ஒயரைக் கழற்றினால் இவை அழிந்து போகலாம். விளக்கு அணைந்துவிடும், பழுது அப்படியே இருக்கும்.

இரண்டாவதாக, புகைக்குழாயில் கசிவு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். சிறு விரிசல் வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்தால், சென்சார் அதையும் ஆக்சிஜன் என்றே கணக்கிடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் கிளப்பி, 'டிக் டிக்' என்ற ஒலி கேட்கிறதா, இணைப்புகளில் கரி படிந்துள்ளதா என்று கவனித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். சில ரூபாய் விலையுள்ள கேஸ்கட் மாற்றியதில் 0420 மறைவதும் உண்டு.

மூன்றாவதாக, சென்சார் ஒயர்களைச் சோதிக்க வேண்டும். தோட்டத்துக் கொட்டகையில் நிற்கும் வண்டிகளில் எலி ஒயரைக் கடிப்பது சாதாரணம். பின் சென்சாரின் ஒயர் வண்டியின் அடியில் செல்வதால், கல்லும் சேறும் பட்டு அறுந்து போகலாம்.

நான்காவதாக, ஸ்பார்க் பிளக், காயில், காற்று வடிகட்டி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எஞ்சின் எண்ணெய் மட்டம் அடிக்கடி குறைகிறதா என்பதும் முக்கியம். எண்ணெய் எரிந்தால் அதில் உள்ள பாஸ்பரஸ், துத்தநாகக் கூட்டுப்பொருள்கள் கன்வெர்ட்டரின் பூச்சில் படிந்து மூடிவிடும். ரேடியேட்டர் நீர் காரணமின்றிக் குறைந்தாலும் இதே சந்தேகம் கொள்ள வேண்டும்.

ஐந்தாவதாக, எஞ்சின் நன்கு சூடான பிறகு, நிமிடத்துக்கு 2,500 சுற்று அளவில் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, இரு சென்சார்களின் அளவையும் ஸ்கேனர் திரையில் பார்க்கச் சொல்ல வேண்டும். பின் சென்சார் நிலையாக நின்றால் கன்வெர்ட்டர் உயிரோடு இருக்கிறது என்றே கொள்ளலாம். புகைச் சோதனை மையத்தில் தரும் அளவுகளும் உதவும். வேக ஓட்டத்தில் லாம்ப்டா என்ற எண் 0.97க்கும் 1.03க்கும் இடையில் இருந்தால் கலவை சரியாக உள்ளது என்று பொருள்.

இங்கு ஒரு தவறான வழக்கத்தைக் குறிப்பிட வேண்டும். 0420 வந்தவுடன் "பின் சென்சாரை மாற்றிப் பார்ப்போம்" என்று தொடங்குவது அவ்வழக்கம். பின் சென்சார் வேகமாக ஆடுகிறது என்றால் அது நன்றாக வேலை செய்கிறது என்றே பொருள். தூர்ந்த கண்மாயைக் காட்டிக்கொடுத்த அளவுகோலை மாற்றுவதால் கண்மாய் ஆழமாகிவிடாது. சென்சாரே கெட்டிருந்தால் பெரும்பாலும் அதற்கெனத் தனி எண் வந்துவிடும்.

மேற்கண்ட யாவும் சரியாக இருந்து, எண்ணை அழித்த பின் சில நாள் சமவெளியிலும் மலையிலும் ஓட்டியும் 0420 மட்டும் திரும்பி வருமானால், கன்வெர்ட்டர் உண்மையிலேயே முடிந்துவிட்டது எனக் கொள்ளலாம். குளிர்ந்த நிலையில் கையால் தட்டும்போது உள்ளே கலகலவென்ற ஓசை கேட்டால் பீங்கான் உடைந்துள்ளது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தியும் வண்டி இழுக்காமல் மூச்சுத் திணறினால் துளைகள் அடைபட்டிருக்கலாம். இத்தகைய வண்டியில் கன்வெர்ட்டரை மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியானால் வெளியில் பிரிக்காமல் நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்துக்கே கொண்டு செல்வது நல்லது.

பாதி வழியில் விளக்கு எரிந்தால்

பழம் ஏற்றிய வண்டிக்கு இதுவே முக்கியமான கேள்வி. விளக்கு அணையாமல் நிலையாக எரிகிறது, இழுவையும் ஒலியும் வழக்கம் போல் உள்ளன, எண்ணெய் விளக்கோ சூட்டு விளக்கோ எரியவில்லை என்றால், நிதானமாக ஓட்டிப் பழத்தைச் சந்தையில் சேர்க்கலாம். அதன் பிறகு ஓரிரு நாட்களில் சோதித்துவிட வேண்டும்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் நிலைமை வேறு. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் சென்று அங்கே எரிகிறது என்பதே அதன் பொருள். அப்போது பீங்கான் உருகும் அளவுக்குச் சூடேறக் கூடும். லோயர் கேம்புக்கு மேல் குமுளி ஏற்றத்தில் பாரத்தோடு இவ்வாறு ஓட்டினால், ஒரு பிளக்கோடு முடிய வேண்டிய செலவு கன்வெர்ட்டர் வரை போய்விடும். உடனே வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பழத்தை வேறு வண்டிக்கு மாற்றுவதே லாபம்.

நிறுத்தும் இடத்தையும் கவனிக்க வேண்டும். ஓடி வந்த வண்டியின் கன்வெர்ட்டர் பல நூறு டிகிரி சூடாக இருக்கும். வைக்கோல், காய்ந்த புல், சோளத்தட்டை ஆகியவற்றின் மேல் நிறுத்தினால் தீப்பற்றக் கூடும். களத்து மேட்டிலும் தோட்டத்து ஓரத்திலும் நிறுத்துவோர் இதை மறக்கக் கூடாது.

கன்வெர்ட்டரைக் கெடுக்கும் பழக்கங்கள்

விசைத் தெளிப்பான், புல்வெட்டும் கருவி ஆகியவற்றுக்காக 2டி எண்ணெய் கலந்து வைத்த பெட்ரோலில் மிஞ்சியதைக் காரில் ஊற்றக் கூடாது. மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலும் இவ்வாறே தீங்கானது.

எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பதை அறிய, ஓடும் எஞ்சினில் பிளக் இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது பழைய முறை. கன்வெர்ட்டர் உள்ள வண்டிக்கு இது ஆகாது. ஸ்கேனரே சிலிண்டரின் எண்ணைச் சொல்லிவிடும். பேட்டரி இறங்கிய வண்டியை நெடுநேரம் தள்ளிக் கிளப்புவதும் இதே தீங்கைச் செய்யும்.

சூடான வண்டியை ஆழமான வாய்க்கால் நீரில் இறக்கினால் பீங்கான் திடீரென்று குளிர்ந்து வெடிக்கலாம். புகைக்குழாய் இணைப்புகளில் சாதாரண சிலிக்கோன் பசையைப் பூசினால் அதன் ஆவி சென்சாரைக் கெடுக்கும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் படிப்படியாக 20 சதக் கலப்புக்கு வந்து, 2025இல் நாடெங்கும் பரவியது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், கணினி பெட்ரோல் அளவைச் சிறிது கூட்டிச் சமன் செய்கிறது. முன்பே காற்றுக் கசிவோ அடைபட்ட பெட்ரோல் வடிகட்டியோ உள்ள பழைய வண்டியில் இந்தச் சமன்பாடு எல்லையைக் கடந்து 0171 வரக் கூடும். இதற்கும் கன்வெர்ட்டர் பொறுப்பாகாது. எத்தனால் நீரை ஈர்க்கும் தன்மையுடையது. ஆகவே இப்பெட்ரோலைக் கேனில் மாதக் கணக்கில் வைத்திருப்பதும் சரியன்று.

கழற்றி எறியலாமா?

கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் குழாயைப் பொருத்துவதும், பின் சென்சாரை ஏமாற்ற இடையில் ஒரு துண்டைச் செருகுவதும் சில இடங்களில் நடைபெறுகின்றன. இது மஞ்சள் இலைக்குப் பச்சைச் சாயம் பூசுவதற்கு ஒப்பாகும். தயாரிப்பாளர் தந்த அமைப்பை இவ்வாறு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பதில்லை. மாசு விதியை மீறினால் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. கழற்றிய பெட்டியில் உள்ள உலோகங்களின் மதிப்பும் பெரும்பாலும் விவசாயிக்கு வந்து சேர்வதில்லை.

திராட்சை விவசாயி அறிய வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. 1950களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் திராட்சை இலைகளின் மேற்புறத்தில் சிறு கரும்புள்ளிகள் தோன்றின. பூசணமோ பூச்சியோ அதற்குக் காரணம் அன்று. வாகனப் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடும் பெட்ரோல் ஆவியும் வெயிலில் கூடி உண்டாக்கும் ஓசோனே காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். அதே காலத்தில், அதே புகைமூட்டத்தைக் கண்டு வருந்திய யூஜின் ஹூத்ரி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் கார்களுக்கான கன்வெர்ட்டரை உருவாக்கினார். மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் புகை எளிதில் கலைவதில்லை என்பதைக் கம்பம் பகுதி விவசாயிகளும் மனத்தில் கொள்ள வேண்டும்.

டீசல் வண்டி வைத்திருப்போருக்கு

டீசல் வண்டிகளின் அமைப்பும் எண்களும் வேறு. அவற்றில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. சிலவற்றில் யூரியாக் கரைசலுக்குத் தனித் தொட்டியும் உண்டு. இக்கரைசல் 32.5 சதத் தூய யூரியாவைத் தாது நீக்கிய நீரில் கரைத்துச் செய்யப்படுவது. வீட்டில் உள்ள உர யூரியாவைக் கிணற்று நீரில் கரைத்து ஊற்றினால் விலையுயர்ந்த பாகங்கள் அடைத்துக் கெட்டுவிடும். 2015 முதல் உர யூரியா முழுவதும் வேப்ப எண்ணெய் பூசியே வருகிறது. மேலும் மானிய உரத்தைப் பயிருக்கல்லாத வேலைக்குத் திருப்புவது உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றமாகும்.

சுருக்கமாகக் கூறின், விளக்கு எரிந்தால் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். உடன் வந்த மற்ற எண்களை முதலில் தீர்க்க வேண்டும். கசிவு, ஒயர், பிளக், எண்ணெய் ஆகியவற்றைப் பார்த்த பிறகே சென்சாரையும், எல்லாவற்றுக்கும் கடைசியாகவே கன்வெர்ட்டரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இலையைப் பார்த்து வேரைத் தேடும் பழக்கம் திராட்சை விவசாயிக்குப் புதிதன்று. அதே பழக்கத்தை வண்டியிடமும் காட்டினால், ஓர் அறுவடையின் லாபம் பட்டறையில் கரையாமல் வீடு வந்து சேரும்.